தகவல் பனுவலை வாசிக்கக் கற்பித்தல்: தமிழ்ப்பள்ளி வகுப்பறைக்கான சில உத்திகள்

முன்னுரை

மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவரின் பாடநூல்களை மேசைமீது பரப்பிப் பார்ப்போமாயின், கதையும் கவிதையும் பெரும்பாலும் தமிழ்மொழிப் பாடநூலிலேயே அடங்கிவிடுவதைக் காணலாம். அறிவியல், வரலாறு, நலக்கல்வி ஆகியவற்றின் பக்கங்கள் தகவலையும் விளக்கத்தையும் தாங்கியவை. தமிழ்மொழிப் பாடநூலிலும் கட்டுரை, செய்தி, நேர்காணல், அட்டவணை எனப் புனைவு சாராத பனுவல்கள் கணிசமாக உள்ளன. இவை அனைத்தையும் இக்கட்டுரையில் ‘தகவல் பனுவல்’ என்னும் பொதுப்பெயரால் குறிப்போம்.

மாணவர் மிகுதியாக எதிர்கொள்ளும் பனுவல் இதுவாயினும், இதனை வாசிக்கும் முறை தனியே கற்பிக்கப்படுவது அரிது. வாசிப்பைக் கற்பிப்பது தமிழ்மொழி ஆசிரியரின் பணி என்று அறிவியல் ஆசிரியர் கருதுகிறார். அறிவியல் பக்கத்தை விளக்குவது அறிவியல் ஆசிரியரின் பணி என்று தமிழ்மொழி ஆசிரியர் கருதுகிறார். தமிழ்ப்பள்ளியில் இவ்விருவரும் பல வேளைகளில் ஒருவரே என்பது நகைப்பிற்குரிய உண்மை.

இத்துறையில் ஆங்கிலச் சூழலில் உருவான உத்திகள் பல நம் ஆசிரியர் பயிற்சிகளில் அறிமுகமாகியுள்ளன. அவற்றை மறுப்பது நம் நோக்கமன்று. எனினும், அவற்றைப் பெயர்த்து வைப்பதோடு நின்றுவிட்டால் பயன் குறைவு என்பதே இங்கு நாம் முன்வைக்கும் கருத்து. தமிழ் உரைநடை தன் தகவலின் ஆணிவேரைச் சொல்லின் ஈற்றிலும் வாக்கியத்தின் ஈற்றிலும் வைத்திருக்கிறது. மாணவரின் கண் அங்கே செல்லப் பழகாதவரையில் எந்த உத்தியும் மேற்பூச்சாகவே அமையும்.

இச்சிக்கல் ஏன் இப்பொழுது கருதத்தக்கது?

வாசிப்பு வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பகுத்த ஜீன் சால் என்னும் அமெரிக்கக் கல்வியாளர், தொடக்க ஆண்டுகளில் குழந்தை வாசிக்கக் கற்கிறது என்றும், ஏறத்தாழ நான்காம் வகுப்பு முதல் கற்பதற்காக வாசிக்கிறது என்றும் 1983ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் விளக்கினார். நம் தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்திலும் இத்திருப்பம் ஏறக்குறைய அதே வயதில்தான் நிகழ்கிறது. 2014ஆம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டில் வரலாறு தனிப்பாடமாக வந்தபொழுது, பத்து வயது மாணவர் நீண்ட தகவல் பனுவலை முதன்முதலாகத் தொடர்ந்து வாசிக்க வேண்டியவரானார். அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளில் அவர் பெற்ற பயிற்சி பெரும்பாலும் கதை வாசிப்பில்தான்.

அமெரிக்காவிலும் இந்நிலை இருந்தது. நெல் டியூக் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இருபது முதலாம் வகுப்புகளைத் தொடர்ந்து நோக்கி, தகவல் பனுவலுக்கு ஒரு நாளில் சராசரியாக 3.6 நிமிடமே செலவிடப்பட்டதாகக் காட்டினார்.

தமிழைப் பொறுத்தவரை இதற்கு இன்னொரு பரிமாணம் உண்டு. மலேசியாவில் 2003ஆம் ஆண்டு கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின. 2009இல் அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டு, பின்னர் படிப்படியாகத் தமிழ் மீண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் தமிழ்ப்பள்ளிக்குள் நுழைந்த மாணவர், ‘ஒளிச்சேர்க்கை’ என்ற சொல்லைத் தமிழ்ப் பாடநூலில் வாசிக்கும் வாய்ப்பையே இழந்தனர். 2016 முதல் இருமொழித் திட்டத்தை ஏற்ற பள்ளிகளில் அந்நிலை ஒரு பகுதியாகத் தொடர்ந்தது. சிங்கப்பூரிலோ தமிழ் ஒரு மொழிப்பாடமாக மட்டுமே கற்பிக்கப்படுகிறது. அங்குத் தமிழில் அமைந்த தகவல் பனுவலை மாணவர் சந்திக்கும் இடம் பெரும்பாலும் கருத்தறிதல் பகுதிதான். மலேசிய மாணவரும் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின் ஏறத்தாழ அதே நிலையை அடைகிறார். தமிழில் ஒரு செய்தியை அறிந்துகொள்ள இயலும் என்ற பட்டறிவு இல்லாத மாணவருக்குத் தமிழ் விழாவுக்கும் வாழ்த்துக்கும் உரிய மொழியாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளை வீணாக்க இயலாது.

விடை சரி, பொருள் எங்கே?

பின்வரும் வாக்கியத்தை நோக்குவோம். இதிலுள்ள பெயர்களும் வினையடிகளும் நாமே புனைந்தவை. அவற்றிற்குப் பொருள் இல்லை.

“தொவரி மிழகத்தைக் குவட்டியமையால் நாங்கை பொசுளியது.”

இப்பொழுது வினாக்கள்: பொசுளியது எது? நாங்கை ஏன் பொசுளியது? தொவரி எதனைக் குவட்டியது? மூன்றாம் ஆண்டு மாணவரும் இவற்றிற்குச் சரியான விடையளித்து முழு மதிப்பெண் பெறுவார். வேற்றுமை உருபும் வினைமுற்றும் இருந்தால் போதும், பொருள் வேண்டியதில்லை.

நம் கருத்துணர்தல் பயிற்சிகளில் கணிசமான பகுதி இவ்வகையினதே. வினாவில் வரும் சொல்லைப் பனுவலில் தேடிக் கண்டெடுத்து, அந்த வாக்கியத்தைப் பெயர்த்தெழுதுவது மாணவருக்குக் கைவந்த கலை. ஒருவர் உரக்க வாசிக்க, ஆசிரியர் அருஞ்சொற்பொருள் கூற, பின்னர் ஐந்து வினாக்கள் என நடைபெறும் பாடத்தில் ஆசிரியருக்கும் ஐயம் எழுவதில்லை. விடைகள்தாம் சரியாக உள்ளனவே! யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டபின் இந்நிலை தானே மாறிவிடும் என்று சிலர் எதிர்பார்த்தனர். தேர்வு போயினும் பயிற்றிகளின் வார்ப்பு போகவில்லை என்பதே நம் கணிப்பு.

இவ்வாக்கியத்தை ஆசிரியர் பயிலரங்கில் மட்டுமன்றி மாணவரிடமும் காட்டலாம். “விடை எழுதிவிட்டீர்கள், இனி நாங்கைக்கு என்ன நேர்ந்தது என்று படம் வரையுங்கள்” என்று கேட்கும்பொழுது, தாம் வாசிக்கவில்லை என்பதை மாணவரே உணர்வர். அவ்வுணர்வு ஏற்பட்ட பின்னரே கீழ்க்காணும் உத்திகள் பயன்தரும்.

வாக்கியத்தின் ஈற்றை வாசித்தல்

தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று பொதுவாக ஈற்றில் அமைவது. கூறப்படும் செய்தி கண்டறியப்பட்டதா, ஒருவரின் கருத்தா, ஊகமா, செவிவழிச் செய்தியா என்பதும் அங்கேதான் தெரியவரும். ஆங்கில வாக்கியம் இதனை முதலிலேயே கூறிவிடுவது வழக்கம். தமிழில் மாணவர் இறுதிச் சொல்வரை காத்திருக்க வேண்டும். அவரோ வாக்கியத்தின் நடுவிலேயே செய்தியைப் பற்றிக்கொண்டு, ஈற்றை விரைந்து கடந்துவிடுகிறார்.

நான்கு வாக்கியங்களைக் கொண்ட ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம்:

“கெடா மாநிலத்தின் மெர்போக் வட்டாரத்தில் பழங்காலக் கோயில்களின் அடித்தளங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. சோழர் கல்வெட்டுகள் குறிப்பிடும் கடாரம் இந்நிலப்பகுதியே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரன் ஏவிய கடற்படை மெர்போக் ஆற்று முகத்துவாரத்தில் கரையிறங்கியிருக்கலாம். இங்குள்ள கோயில்கள் அனைத்தையும் சோழரே கட்டினராம்.”

பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றிய இப்பத்தியை நம் மாணவர் ஆர்வத்துடன் வாசிப்பர். அதில் நம் முன்னோர் பெருமை அடங்கியிருப்பதே காரணம். அதனாலேயே இது நல்ல பயிற்சிக்களமாகிறது. ‘அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன’ என்பது நேரில் சென்று காணத்தக்க செய்தி. ‘கருதுகின்றனர்’ என்பது அறிஞர் கருத்து. வலுவானது, எனினும் கருத்தே. ‘கரையிறங்கியிருக்கலாம்’ என்பது எழுதியவரின் ஊகம். ‘கட்டினராம்’ என்பதிலுள்ள ‘ஆம்’ ஈறு, எழுதியவர் பொறுப்பேற்கவில்லை என்பதைத் தெரிவிக்கிறது. உண்மையில் இந்த நான்காம் செய்தி நிற்காது. இப்பள்ளத்தாக்கின் வணிகக் குடியிருப்பு சோழர் படையெடுப்பிற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. சுங்கை பத்துப் பகுதியில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் வெளிக்கொணர்ந்த இரும்புருக்கு உலைகளின் எச்சங்கள் இதற்குச் சான்று. நான்கு வாக்கியங்களையும் ஒரே எடையில் மனத்தில் பதிக்கும் மாணவர், வரலாறு கற்றவராகத் தம்மைக் கருதிக்கொண்டு வதந்தியையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறார்.

இதனை வகுப்பில் நடத்துவது எளிது. பத்தியைப் பெரிய தாளில் எழுதி, ஒவ்வொரு வாக்கியத்தின் இறுதிச் சொல்லையும் ஒரு தாள்துண்டால் மறைத்துவிடலாம். மாணவர் மறைந்துள்ள சொல் எதுவாக இருக்கக்கூடும் என்று கூறி, அதற்கான காரணத்தையும் விளக்குவர். சிலர் ‘கரையிறங்கியது’ என்பர். தாளை நீக்கியதும் ‘கரையிறங்கியிருக்கலாம்’ என்று இருப்பதைக் கண்டு, ஆசிரியர் ஏதும் கூறாமலே வேறுபாட்டைப் பேசத் தொடங்குவர். பின்னர் அறிந்தது, கருதுவது, ஊகிப்பது, கேட்டது என நான்கு கட்டங்களில் வாக்கியங்களை இட்டு நிரப்பலாம். ‘என்பர்’, ‘எனலாம்’, ‘போலும்’, ‘எனத் தெரிகிறது’ போன்றவை எக்கட்டத்திற்கு உரியவை என்னும் வாதம் எழுமாயின் அதனை அடக்கிவிடலாகாது. அறிஞரிடையேயும் அவ்வாதம் உண்டு. ‘நம்பப்படுகிறது’, ‘கூறப்படுகிறது’ என்னும் செயப்பாட்டுவினைகளைக் கண்டவுடன் “யாரால்?” என்று கேட்கும் பழக்கத்தையும் இங்கேயே ஊட்டிவிடலாம். பாடநூல்களிலும் நாளிதழ்களிலும் இவ்வினைகளுக்குப் பஞ்சமில்லை.

காரணம் ஒட்டியிருக்கும் இடம்

தகவல் பனுவலின் கட்டமைப்பை வருணனை, வரிசைமுறை, காரண காரியம், ஒப்பீடு, சிக்கலும் தீர்வும் என வகுத்துக் கற்பிக்கும் முறை பரவலாக அறியப்பட்டது. ஒவ்வொரு கட்டமைப்பிற்கும் உரிய குறிப்புச் சொற்களை மாணவர் அடையாளங்காண வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆங்கிலத்தில் அவை பெரும்பாலும் தனித்து நிற்கும் சொற்கள். கண்ணில் எளிதில் படுபவை. தமிழிலும் ‘ஆகவே’, ‘எனினும்’, ‘மாறாக’ போன்றவை உண்டு. நம் பயிற்றிகள் இவற்றையே பட்டியலிடுகின்றன. ஆனால் தமிழ் உரைநடையில் காரணமும் நிபந்தனையும் மறுப்பும் பெரும்பான்மையும் வினையோடு ஒட்டிய ஈறுகளாகவே வருகின்றன.

மழை பெய்தால் ஆறு பெருகும்.
மழை பெய்ததால் ஆறு பெருகியது.
மழை பெய்தும் ஆறு பெருகவில்லை.
மழை பெய்தாலும் ஆறு பெருகாது.

முதல் இரண்டிற்கும் இடையே, வினையெச்சத்தை மட்டும் நோக்கின், வேறுபாடு ஒரேயொரு தகரம். ஒன்று நிபந்தனை, மற்றது நடந்து முடிந்த காரணம். மூன்றாவதில் ‘உம்’ என்னும் ஈறு எதிர்பார்ப்பையே கவிழ்த்துவிடுகிறது. விரைந்து வாசிக்கும் மாணவர் ‘மழை – ஆறு’ என்னும் இரு சொற்களைப் பற்றிக்கொண்டு, நான்கிற்கும் ஒரே பொருளைக் கொள்வதில் வியப்பில்லை.

இதற்கு ஈற்றெழுத்தை வண்ணமிடும் பயிற்சியை நாம் பரிந்துரைக்கிறோம். அறிவியல் பாடநூலின் ஒரு பக்கத்தைப் படியெடுத்துக் கொடுத்து, காரணம் காட்டும் ஈறுகளுக்குச் சிவப்பும், நிபந்தனைக்குப் பச்சையும், எதிர்மாறாகச் செல்பவற்றிற்கு நீலமும் இடச் செய்யலாம். முழுச் சொல்லையும் வண்ணமிட விடலாகாது, ஈறு மட்டுமே. டிங்கிக் காய்ச்சல் பற்றிய பகுதி இதற்கு நன்கு பொருந்தும். ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரமோ சற்று மிகுதியோ ஆகிறது. ‘வாரம் ஒருமுறை நீரை அகற்றினால் கொசு பெருகாது’ என்னும் வாக்கியத்தில் நிபந்தனை ஈற்றைக் கண்ட மாணவரிடம், “ஏன் வாரம் ஒருமுறை? மாதம் ஒருமுறை போதாதா?” என்று கேட்க வேண்டும். விடை அவ்வாக்கியத்தில் இல்லை; வளர்ச்சிக் காலத்தைக் கூறும் வேறொரு வாக்கியத்தில் உள்ளது. இரண்டையும் இணைப்பதுதான் வாசிப்பு.

இலக்கணப் பாடத்தில் வினையெச்சம் கற்பிக்கப்படுகிறதே என்று வினவலாம். கற்பிக்கப்படுகிறது, ஆனால் அது அடையாளங்காட்டும் அளவில் நின்றுவிடுகிறது. எச்சம் என்று பெயர் சொல்லத் தெரிந்த மாணவருக்கு அந்த எச்சம் பத்தியில் என்ன பணியாற்றுகிறது என்பது தெரிவதில்லை. இலக்கணத்தையும் வாசிப்பையும் இணைப்பதற்கு இதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை.

பேச்சுத் தமிழில் திருப்பிக் கூறல்

எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறுபட்டிருப்பதைத் தமிழ்க் கல்வியின் இடர்ப்பாடாகவே கருதி வந்துள்ளோம். தகவல் பனுவல் வாசிப்பில் அதுவே ஓர் உரைகல்லாகிறது. எழுத்துத் தமிழில் உள்ளதை எழுத்துத் தமிழிலேயே கூறும்படி கேட்டால், மாணவர் மனப்பாடமாக ஒப்பிக்கலாம். பேச்சுத் தமிழில் கூறும்படி கேட்டால் ஒவ்வொரு வினையையும் மாற்றியாக வேண்டும். பொருள் விளங்காமல் மாற்ற இயலாது. ‘மழை பெய்யாமையால் ஏரி வற்றியது’ என்பதை “மழ பேயல, அதனால ஏரி காஞ்சு போச்சு” என்று கூறும் மாணவர், ‘பெய்யாமையால்’ என்னும் ஒரே சொல்லுக்குள் இருந்த மறுப்பையும் காரணத்தையும் பிரித்தெடுத்துவிட்டார்.

சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்டமும் கற்பித்தலும் பற்றிய மறுஆய்வு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்க வலியுறுத்தியது. அப்பரிந்துரை உரையாடல் திறனை மனத்திற்கொண்டது. வாசிப்பிற்கும் அதனால் பயனுண்டு என்பது நாம் இங்குச் சேர்க்கும் கருத்து. மலேசிய ஆசிரியர் சிலர் வகுப்பில் பேச்சு வழக்கை அனுமதிக்கத் தயங்குவர். எழுதும்பொழுது எழுத்து வழக்கிற்கு மீளச் செய்தால் அத்தயக்கத்திற்கு இடமில்லை. இம்மீட்சி தானே ஒரு சிறந்த எழுத்துப் பயிற்சியுமாகும்.

இத்திருப்பிக் கூறலைக் குழுவில் நடத்துவதற்குப் பாலின்சரும் பிரவுனும் 1984இல் விளக்கிய பரிமாற்றக் கற்பித்தல் முறை பொருத்தமானது. நால்வர் கொண்ட குழுவில் ஒருவர் பத்தியைச் சுருக்கிக் கூறுவார். ஒருவர் வினா எழுப்புவார். ஒருவர் விளங்காத இடத்தைத் தெளிவாக்குவார். ஒருவர் அடுத்துவரும் செய்தியை முன்னுரைப்பார். அடுத்த பத்தியில் பொறுப்புகள் மாறும். நன்னூல் தன் பாயிரப் பகுதியில் உரையின் கூறுகளாகப் பதினான்கினைக் கூறுகையில் சொற்பொருள், தொகுத்துரை, வினா, விடை ஆகியவற்றையும் எண்ணுகிறது. அதனால் இம்முறை அன்றே நம்மிடம் இருந்தது என்று மார்தட்டுவதற்கில்லை. நன்னூல் கூறுவது உரையாசிரியரின் பணியை, மாணவர் குழுவின் பணியையன்று. எனினும், மாணவரைச் சிற்றுரையாசிரியராக அமர்த்துகிறோம் என்று எண்ணிக்கொள்வது நம் ஆசிரியர்க்கு இம்முறையை அணுக்கமாக்கும்.

வினாவோடு நுழைதலும் அட்டவணையும்

டோனா ஒகிள் 1986இல் அறிமுகப்படுத்திய மூன்று பத்தி அட்டவணை – அறிந்தது, அறிய விரும்புவது, அறிந்துகொண்டது – நம் வகுப்பறைகளில் நன்கு பழகிவிட்டது. பழகியதாலேயே நீர்த்தும்விட்டது. நடுப்பத்தியில் மாணவர் எழுதும் வினாக்கள் ஆசிரியருக்காக எழுதப்பட்டவையாகவே இருப்பின் பயனில்லை. முதற்பத்தியில் எழுதியவற்றுள் பனுவல் பொய்யாக்கியது எது என்று தேடச் செய்வது நல்லது. ‘அழுக்கு நீரில்தான் டிங்கிக் கொசு வளரும்’ என்று எழுதிய மாணவர், தெளிந்த நீர் என்று வாசித்ததும் அதனை அடித்துத் திருத்தும்பொழுது கற்றல் நிகழ்கிறது.

அட்டவணையையும் குறிவரைவையும் பனுவலாகக் கருதாமல் படமாகக் கருதிக் கடந்துசெல்வது மற்றொரு குறை. பீசா என்னும் அனைத்துலக மதிப்பீடு இவற்றையும் வாசிப்பின் பகுதியாகவே சோதிக்கிறது. அம்மதிப்பீட்டின் வாசிப்புப் பகுதியில் மலேசியா 2018இல் 415 புள்ளியும் 2022இல் 388 புள்ளியும் பெற்றது. அது தமிழில் நடைபெறுவதன்று, பதினைந்து வயதினர்க்குரியது. ஆயினும், அதில் அமர்ந்தோருள் தமிழ்ப்பள்ளியில் வாசிக்கக் கற்றவரும் உளர்.

புகைமூட்டக் காலத்தில் நாளிதழில் வெளிவரும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். 0 முதல் 50 வரை நன்று, 51 முதல் 100 வரை மிதம், 101 முதல் 200 வரை உடல்நலத்திற்குக் கேடு, 201 முதல் 300 வரை மிகுந்த கேடு, அதற்குமேல் அபாயம். “128 எந்நிலை?” என்பது தேடிக் கண்டெடுக்கும் வினா, ஒருமுறை கேட்டால் போதும். “நேற்று 98, இன்று 103, வேறோர் ஊரில் நேற்று 110, இன்று 190. எவ்வூரில் மாற்றம் பெரிது?” என்று கேட்டுப் பார்க்கலாம். முதலாம் ஊரில் ஐந்தே புள்ளி ஏறி நிலை மாறிவிட்டது. இரண்டாம் ஊரில் எண்பது புள்ளி ஏறியும் நிலையின் பெயர் மாறவில்லை. எண்ணும் பெயரும் ஒன்றல்ல என்பதை மாணவர் கண்டுகொள்வர். பின்னர் இதனையே இரண்டு வாக்கியங்களாக எழுதச் செய்தால், ‘ஏறியும்’ என்னும் எச்சம் எவ்விடத்தில் தேவைப்படுகிறது என்பது அவர்களுக்கே விளங்கும்.

இவற்றிற்கெல்லாம் நேரம் எங்கே என்னும் வினா நியாயமானது. இவற்றைத் தமிழ்மொழிப் பாடவேளையின் கூடுதல் சுமையாக்க வேண்டியதில்லை. அவ்வாரம் வரலாறு அல்லது அறிவியலில் நடத்தவிருக்கும் பக்கத்தையே தமிழ்மொழி வாசிப்புப் பாடத்திற்குப் பனுவலாகக் கொள்ளலாம். வாரத்தில் ஒரு பத்தி. ஒரு பத்தியில் ஓர் உத்தி. முதல் வாரம் ஈற்றுச் சொல்லை மறைத்தல், அடுத்த வாரம் வண்ணமிடல், பின்னர் திருப்பிக் கூறல் எனச் சுழற்சியாக அமைத்தால், பள்ளித் தவணை ஒன்றில் ஒவ்வொன்றும் பன்முறை வந்துவிடும். இரு பாடங்களையும் வெவ்வேறு ஆசிரியர் நடத்தும் பள்ளியில், வாரத் தொடக்கத்தில் இருவரும் பத்து நிமிடம் கலந்துபேசிப் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும்.